இழுவை குறைந்த வில்லும் அதற்கேற்ற வெட்டுமுனையும்

அமெரிக்காவில் இலையுதிர்காலம் தொடங்கியதும் மாநிலத்துக்கு மாநிலம் வெள்ளைவால் மானுக்கான வில்வேட்டைப் பருவம் திறக்கிறது. மான் வேட்டைக்கென்று தனி வில் பருவத்தை முதலில் ஏற்படுத்திய மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1934. அன்று காட்டுக்குள் போனவர்களிடம் இருந்தவை மரத்தால் செய்த நெடுவில்கள் மட்டுமே. இன்று அதே காட்டில் கப்பிகள் பூட்டிய காம்பவுண்ட் வில்லும் குறுக்குவில்லும்தான் பெரும்பாலும் தென்படுகின்றன. லாங்போ எனப்படும் நெடுவில், நுனிகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் ஆகிய மரபு வில்களோடு போகிறவர்கள் சிறுபான்மையினர். அவர்களிலும் ஒரு பகுதியினர் 40 முதல் 45 பவுண்டு, அதாவது 18 முதல் 20 கிலோ இழுவையை (நாணை முழுதாக இழுக்கத் தேவைப்படும் விசையை) தாண்ட முடியாதவர்கள்: இளையோர், பெண்களில் பலர், தோள்மூட்டு தேய்ந்துபோன முதியோர். நானும் அந்தப் பகுதியைச் சேர்ந்தவன்தான். தோள் தசைநார் கிழிந்து ஆறியபின் 55 பவுண்டு வில்லைச் சுவரில் மாட்டிவிட்டு 43 பவுண்டுக்கு இறங்கினேன். இப்படி இறங்குகிறவர்கள் எல்லோருக்கும் முதலில் எழும் கேள்வி, அம்பின் நுனியில் எந்த வெட்டுமுனையை மாட்டுவது என்பது. பிராட்ஹெட் என்று வேட்டையாளர்கள் அழைக்கும் அந்த அகன்ற எஃகு முனையைப் பற்றியது இந்தக் கட்டுரை. (இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே பேசப்படுவது உரிமமும் பருவமும் எண்ணிக்கை வரம்பும் சட்டத்தால் வகுக்கப்பட்ட வட அமெரிக்கச் சூழலைப் பற்றி மட்டுமே.)

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. 45 பவுண்டு ரிகர்வ் வில் 450 கிரெயின் எடையுள்ள அம்பை நொடிக்கு ஏறத்தாழ 165 அடி வேகத்தில் விடும். ஒரு கிரெயின் என்பது 65 மில்லிகிராம். ஆகவே அம்பின் எடை 29 கிராம், வேகம் நொடிக்கு 50 மீட்டர், அது சுமந்து செல்லும் ஆற்றல் 37 ஜூல். 70 பவுண்டு காம்பவுண்ட் வில்லிலிருந்து 400 கிரெயின் அம்பு நொடிக்கு 280 அடி வேகத்தில் புறப்பட்டால் அதன் ஆற்றல் 94 ஜூல். இரண்டரை மடங்கு. கடைகளில் தொங்கும் வெட்டுமுனைகளில் பெரும்பாலானவை இந்த 94 ஜூலை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 37 ஜூலோடு காட்டுக்குப் போகிறவர் அவற்றை வாங்குவது, நூறு ரூபாய் வைத்திருப்பவர் இருநூற்றைம்பது ரூபாய்க்குத் திட்டமிட்ட பட்டியலோடு சந்தைக்குப் போவதைப் போன்றது. கையிருப்பு குறைவாக இருக்கும்போது எதில் செலவழிக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்தாக வேண்டும். இழுவை குறைந்த வில்லுக்கு முனை தேர்வதன் சாரம் அதுவே.

அந்த 45 பவுண்டும்கூடப் பலருக்கு முழுமையாகக் கிடைப்பதில்லை. வில்லில் எழுதியிருக்கும் எண் நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் விசையைக் குறிக்கிறது. கை குட்டையானவர் 26 அங்குலம் மட்டுமே இழுத்தால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பவுண்டு வீதம் குறைந்து, 45 என்று எழுதிய வில் 40ஐயே தரும். அம்பு உந்தப்படும் தொலைவும் அதே இரண்டு அங்குலம் சுருங்குகிறது. ஆகவே எழுதிய எண்ணை நம்பாமல், தான் இழுக்கும் நீளத்தில் வில்லைத் தராசில் மாட்டிப் பார்த்துவிட்டே மேற்கொண்டு பேச வேண்டும்.

துப்பாக்கிக் குண்டைப் போல அம்பு அதிர்ச்சியால் விலங்கை வீழ்த்துவதில்லை. அது வெட்டுகிறது, வெட்டிய இடத்தில் குருதி வெளியேறி, மூளைக்குப் போகும் அழுத்தம் விழுந்து, மான் நினைவிழக்கிறது. இரண்டு நுரையீரல்களும் அறுபட்டால் இது சில நொடிகளில் நடந்துவிடுகிறது. அந்தச் சில நொடிகளுக்குள்ளேயே மான் நூறு கெஜம் ஓடிவிடும் என்பதால் குருதித் தடமும் முக்கியமாகிறது. நுரையீரல் பஞ்சைப் போன்ற மென்மையான உறுப்பு. இரத்தக் குழாய்கள் ரப்பரைப் போல இழுபடுபவை. முனையின் வெட்டும் தகடான அலகு மழுங்கியிருந்தால் அவற்றை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும். கூரிய அலகு தொட்ட இடத்திலேயே அறுக்கும். கிழிந்த புண்ணைவிடச் சீராக அறுபட்ட புண்ணில் குருதி உறைவதும் தாமதமாகும். சமையலறையில் முனை மழுங்கிய கத்தியால் தக்காளி நறுக்கிப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

இதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஒரு மருத்துவர். 1911ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் ஓரோவில் ஊரருகே, யாஹி என்ற பழங்குடி இனத்தின் கடைசி மனிதராக இஷி வெளியுலகுக்கு வந்தார். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கியிருந்த அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் பழகினார். 1916இல் இஷி இறக்கும்வரை இருவரும் சேர்ந்து அம்பு செய்தார்கள், வேட்டைக்கும் போனார்கள். இஷியின் வில் 40 பவுண்டைச் சற்றே தாண்டிய இழுவை உடையது. இன்று நாம் மெல்லியது என்று தயங்கும் அதே அளவு. அவருடைய அம்புமுனைகள் எரிமலைக் கண்ணாடியான அப்சிடியனையும் சாதாரணப் புட்டிக் கண்ணாடியையும் மான்கொம்பால் சில்லுசில்லாகப் பெயர்த்துச் செய்யப்பட்டவை. போப் ஒரு பெட்டியில் மாட்டுக் கல்லீரலை நிரப்பி, இருபுறமும் மான்தோலை இழுத்துக் கட்டி, ஒரே வில்லால் எஃகு முனையையும் அப்சிடியன் முனையையும் எய்து பார்த்தபோது, கண்ணாடி முனை ஏறத்தாழக் கால்பங்கு கூடுதல் ஆழம் போனது. வில் மாறவில்லை. மாறியது விளிம்பின் கூர்மையும் வடிவமும்தான். இழுவை குறைந்த வில்லோடு வேட்டைக்குப் போகும் எவரும் இந்தச் சோதனையை மறக்கக் கூடாது என்பேன்: வில்லால் கூட்ட முடியாத ஆழத்தை விளிம்பால் கூட்டலாம்.

மானின் உடலமைப்பு இந்தக் கணக்குக்கு இடம் தருகிறது. பக்கவாட்டில் நிற்கும் வெள்ளைவால் மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடலின் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் அம்பு நுழைந்தால், அது சந்திக்கும் எலும்பு மெல்லிய விலா மட்டுமே. பல நேரங்களில் இரண்டு விலாக்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு சாண் முன்னே தவறினால் கதை வேறு. தோள்பட்டை எலும்பின் மேற்பகுதி தகடு போன்றது என்றாலும், அதன் நடுவே ஓடும் முகடும், கீழே முன்னங்கால் எலும்போடு சேரும் மூட்டும் 45 பவுண்டு வில்லின் அம்பை நிறுத்திவிடக் கூடியவை. அந்த மூட்டை உடைக்கும் முனை எது என்று தேடுவதைவிட, அந்தப் பக்கம் போகாத எய்தலைப் பழகுவதே சரி. மான் தலையை அப்பால் திருப்பி, பின்பகுதி சற்றே நம் பக்கமாக இருக்கும்படி சாய்ந்து நிற்பது இன்னும் நல்ல நிலை. கடைசி விலாக்களின் அருகே நுழையும் அம்பு, எதிர்ப்புற முன்னங்காலை நோக்கி நெஞ்சுக்கூட்டின் நீளவாக்கில் போகிறது. நேருக்கு நேர் நிற்கும் மானுக்கும், நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மானுக்கும் இந்த வில்லை உயர்த்தவே கூடாது.

உள்ளே போனால் மட்டும் போதாது, அம்பு மறுபுறம் வெளியேற வேண்டும். மரத்தின் மேல் கட்டிய பரணிலிருந்து எய்யும்போது நுழைவுத் துளை மேலே இருக்கும். அதன் வழியே குருதி உடனே வெளியே வராது, நெஞ்சுக்கூடு நிரம்பிய பிறகே வழியும். மறுபுறம் தாழ்வாக ஒரு துளை இருந்தால்தான் இலைச்சருகின் மீது தொடர்ந்து பின்பற்றக்கூடிய தடம் கிடைக்கும். இரண்டாவது துளையைத் தருவதே முனையின் வேலை. அதைத் தராத முனை எத்தனை அகலமாக வெட்டினாலும் இந்த வில்லுக்குப் பொருந்தாது. இதில் பலரும் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. அம்பை நிறுத்துவது பெரும்பாலும் நுழையும் பக்கம் அன்று, வெளியேறும் பக்கத்துத் தோல்தான். வேகத்தில் பெரும்பகுதியை இழந்து, மயிரையும் தோலையும் விலாவையும் அறுத்து ஓரளவு கூர் தேய்ந்த நிலையில் அலகு அங்கே வந்து சேர்கிறது. அந்தத் தோல் பின்னால் எந்தத் தாங்கலும் இல்லாமல் கூடாரத் துணியைப் போல வெளிப்புறமாக இழுபடுகிறது. அங்கேயும் அறுக்குமளவு கூர் மிஞ்சியிருக்க வேண்டும் என்றால், முனையின் எஃகு கூரைத் தாங்கும் கடினம் உடையதாக இருக்க வேண்டும். தீட்டியவுடன் பளபளவென்று மயிரை மழிக்கும், ஒரு பலகையில் குத்தியதும் மடங்கிவிடும் மலிவான எஃகு இந்த இடத்தில்தான் கைவிடுகிறது.

இனி வடிவம். வெட்டுமுனை என்பது ஒரு சாய்தளம். லாரியில் எண்ணெய்ப் பீப்பாய் ஏற்றுகிறவர்கள் குட்டையான பலகையை விட்டுவிட்டு நீளமான பலகையைத் தேடுவதற்கு என்ன காரணமோ, அதே காரணம்தான் இங்கேயும்: சரிவு எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு குறைந்த விசை போதும். 3 அங்குல நீளமும் 1 அங்குல அகலமும் உள்ள இரண்டலகு முனையின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 3 வரும். அதன் இயந்திர இலாபம் 3 என்று சொல்வார்கள். அதே நீளத்தில், அதே சுற்றளவுக்குள் மூன்றாவது அலகைச் சேர்த்தால் இலாபம் 2ஆகக் குறைகிறது. நான்கு அலகானால் 1.5. ஏனெனில் ஒரே தொலைவு உள்ளே போவதற்குள் வெட்ட வேண்டிய மொத்த நீளம் கூடுகிறது. கடையில் கிடைக்கும் பரவலான இரண்டலகு முனைகள் ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறைந்த அகலமும் அதைப் போல் இருமடங்கு நீளமும் கொண்டவை; அவற்றின் இலாபம் 2ஐச் சுற்றி நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் நெடுவில்லால் யானைவரை வேட்டையாடிய ஹோவர்ட் ஹில், அகலத்தைப் போல் மும்மடங்கு நீளமுள்ள முனையையே வற்புறுத்தினார். மிகக் கனமான வில்களை எளிதாக இழுத்த அவருக்கே அந்த விகிதம் தேவைப்பட்டது என்றால், அவருடைய வில்லில் பாதி இழுவை உள்ளவர்கள் அதை அலட்சியம் செய்வதற்கு இடமில்லை.

மூன்றலகு முனையை விரும்புகிறவர்களின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றேகால் அரைக்கால் என்று பேசாமல் மில்லிமீட்டரிலேயே பார்ப்போம்: 29 மில்லிமீட்டர் அகலமுள்ள இரண்டலகு முனை 29 மில்லிமீட்டர் நீளக் கீறலைப் போடுகிறது. அதே சுற்றளவுள்ள மூன்றலகு முனை மையத்திலிருந்து மூன்று திசைகளிலும் வெட்டி, மொத்தம் 43 மில்லிமீட்டர் அறுக்கிறது. ஒற்றைக் கீறல் தசை சுருங்கும்போது உதடுகளைப் போல மூடிக்கொள்ளலாம். மூன்று முனைக் கீறல் அப்படி மூடுவதில்லை, குருதித் தடம் தெளிவாக விழுகிறது. இவையெல்லாம் உண்மை. 50 பவுண்டுக்கு மேல் இழுப்பவருக்கு மூன்றலகு முனை மிக நல்ல தேர்வு என்பதில் எனக்கு ஐயமில்லை. வென்செல் சகோதரர்களின் பெயரோடு அறியப்படும் வுட்ஸ்மன் போல நீண்டு ஒடுங்கிய மூன்றலகு முனையானால் 45 பவுண்டு வில்லும், கனமான, நேராகப் பறக்கும் அம்பும் கொண்டு நன்றாகவே பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனினும் 45க்குக் கீழே இறங்க இறங்க, அந்தக் கூடுதல் 14 மில்லிமீட்டருக்கான விலையை மறுபுறத் துளையாகக் கொடுக்க நேரிடும் என்பதே என் கணிப்பு. ஒரு பெரிய துளையைவிட இரண்டு சிறிய துளைகள் மானைக் கண்டெடுக்க உதவும்.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. 1956இல் வில் தயாரிப்பாளர் பிரெட் பேர் வெளியிட்ட ரேஸர்ஹெட் முனையில், முதன்மை அலகுக்குக் குறுக்காக ஒரு சிறிய துணை அலகைச் செருகிக்கொள்ளும் வசதி இருந்தது. ப்ளீடர் என்று அதற்குப் பெயர். முதன்மை அலகு வழி திறந்துவிட்ட பிறகே துணை அலகு உள்ளே நுழைவதால், அது கேட்கும் விலை முழு மூன்றலகு, நான்கலகு முனைகளைவிடக் குறைவு. ஸ்விக்கி நிறுவனத்தின் எஸ்கிமோ முனை இரண்டலகாகவும், இப்படிச் சிறிய துணை அலகுகளோடு நான்கலகாகவும் கிடைக்கிறது. 45 பவுண்டு வில்லுக்கு ப்ளீடர் உள்ளதையும், 40 பவுண்டு வில்லுக்கு வெறும் இரண்டலகையும் நான் பரிந்துரைப்பேன். முனையில் துணை அலகைக் கழற்ற முடிந்தால், நிலைமைக்கேற்ப அதை வைத்தும் எடுத்தும் பார்க்கலாம்.

ஒற்றைச் சாய்வு முனைகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்ட அலகு, உள்ளே போகும்போது திருகு போலச் சுழன்று எலும்பைப் பிளக்கும். பெரிய எலும்புள்ள விலங்குகளில் இதன் பயன் தெளிவானது. வலப்புறம் சாய்ந்த முனைக்கு அம்பின் வாலில் பறவையின் வலச்சிறகு இறகும், இடப்புறம் சாய்ந்ததற்கு இடச்சிறகு இறகும் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பறக்கையில் ஒரு திசையிலும் உடலுக்குள் எதிர்த்திசையிலும் சுழல முற்பட்டு ஆற்றல் வீணாகும். மானின் விலாவைப் பொறுத்தவரை இருபுறச் சாய்வுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. தீட்டுவதற்கு எது உங்கள் கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தீட்டுவது என்றதும் பலரும் ஒதுங்கிவிடுகிறார்கள். இந்தத் தலைப்பில் நான் நின்று பேச விரும்பும் இடமே அதுதான். பெட்டியிலிருந்து எடுத்த புது முனை பெரும்பாலும் வேட்டைக்குத் தயாராக இருப்பதில்லை, சாய்வை மட்டும் அரைத்துவைத்த நிலையிலேயே அது வருகிறது. என் வீட்டில் செப்டம்பர் மாத மாலைகளில் சாப்பாட்டு மேசையின் மேல் பழைய செய்தித்தாளை விரித்து, ஓர் அரம், ஒரு சாணைக்கல், பழைய இடுப்புவாரிலிருந்து வெட்டிய தோல்பட்டை, ஒரு கறுப்பு மார்க்கர் பேனா ஆகியவற்றோடு உட்காருவேன். முதலில் சாய்வு முழுவதையும் மார்க்கரால் கறுப்பாக்கிவிட்டு, அரத்தில் இரண்டு மூன்று இழுப்பு இழுத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு விளிம்பை ஒட்டி மட்டும் அழிந்தால் அரத்தை அதிகம் சாய்த்திருக்கிறோம். உள்பக்கம் மட்டும் அழிந்தால் போதுமான அளவு சாய்க்கவில்லை. சீராக அழியும் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டால், கை அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்க விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்லத் தேய்த்தால் தட்டுப்படும் மெல்லிய பிசிறு எழும். அது நுனியிலிருந்து அடிவரை இடைவெளியில்லாமல் எழுந்த பிறகே மறுபக்கத்துக்குப் போக வேண்டும். பாதியில் மாறினால் எத்தனை மணிநேரம் தேய்த்தாலும் கூர் வராது. தீட்டத் தெரியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் பிழை இது ஒன்றே. பிறகு சாணைக்கல்லில் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தோல்பட்டையில் விளிம்பு பின்னால் வரும்படி இருபது முறை இழுத்தால் பிசிறு உதிர்ந்து கண்ணாடி போன்ற விளிம்பு நிற்கும். மூன்றலகு முனைக்கு இந்தக் கோணக் கவலையே இல்லை: இரண்டு அலகுகள் அரத்தில் தட்டையாகப் படியும்படி வைத்துத் தள்ளினால் கோணம் தானாக அமைந்துவிடும். அந்த வகையின் மிகப் பெரிய நன்மை அது என்றே நினைக்கிறேன்.

கூர் வந்துவிட்டதா என்று கையில் உள்ள மயிரை மழித்துப் பார்ப்பது வழக்கம். அதைவிட நம்பகமான சோதனை ரப்பர் பேண்ட். ஒரு காலி டப்பாவின் வாயில் ரப்பர் பேண்டை லேசாக இழுத்து மாட்டி, அலகின் விளிம்பை அழுத்தாமல் அதன் மேல் வைத்து நகர்த்த வேண்டும். மழுங்கிய விளிம்பு பேண்டைத் தள்ளி வளைக்கும்; கூரிய விளிம்பு தொட்டதுமே அது அறுந்து தெறிக்கும். உடலுக்குள் தளர்ந்து கிடக்கும் இரத்தக் குழாய் நடந்துகொள்வதும் ஏறத்தாழ அப்படித்தான். சோதித்த முனையில் மெல்லிய வாஸ்லின் பூச்சு பூசிவைத்தால் கரிம எஃகு துருப்பிடிக்காது. அம்புக்கூட்டின் நுரைப்பஞ்சில் திரும்பத் திரும்பக் குத்தி எடுத்தாலும் கூர் போய்விடும் என்பதால், பருவம் முழுவதும் வாரம் ஒருமுறை தோல்பட்டையில் இழுத்துவிடுவது அவசியம்.

அடுத்தது எடை. இதில் எட் ஆஷ்பி என்பவரின் பெயரைத் தவிர்க்க முடியாது. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நத்தால் பகுதியில் தொடங்கி, பின்னர் ஆஸ்திரேலியாவின் ஆசிய எருமைகள்மீதும் அவர் செய்த அம்பு ஊடுருவல் சோதனைகள் வில்வேட்டை உலகையே மாற்றியவை. ஊடுருவலைத் தீர்மானிக்கும் பன்னிரண்டு காரணிகளை அவர் வரிசைப்படுத்தினார். அம்பு உடையாமல் வளையாமல் இருப்பது முதலாவது, நேராகப் பறப்பது இரண்டாவது. கனத்த எலும்பை ஊடுருவ 650 கிரெயினுக்குக் குறையாத அம்பு வேண்டும் என்பதும் அவருடைய முடிவு. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு 45 பவுண்டு வில்லில் 650 கிரெயின் அம்பைப் பூட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ஆஷ்பி சொன்னது எருமையின் விலாவுக்கு. மானின் விலாவுக்கு அதில் பாதிக் கடினமும் கிடையாது. கனமான அம்பால் கிடைக்கும் உந்தம் உண்மைதான்: 450 கிரெயினில் நொடிக்கு 1.5 கிலோகிராம் மீட்டராக இருக்கும் உந்தம் 650இல் 1.8 ஆகிறது. அதற்குக் கொடுக்கும் விலை வேகம். நொடிக்கு 165 அடியிலிருந்து 140க்கு இறங்கிவிடும். 20 கெஜத் தொலைவுக்குள் முதல் அம்பு 65 சென்டிமீட்டர் தாழ்கிறது, இரண்டாவது 90 சென்டிமீட்டர். 18 கெஜத்தில் நிற்கும் மானை 20 என்று தவறாக மதிப்பிட்டால், முதல் அம்பு 6 சென்டிமீட்டரும் இரண்டாவது 8 சென்டிமீட்டரும் மேலே போகும். மானின் நுரையீரல் பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே பெரியது. அதில் 8 சென்டிமீட்டர் என்பது பொருட்படுத்த வேண்டிய அளவு. ஆகவே இழுவையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 முதல் 12 கிரெயின், அதாவது 45 பவுண்டுக்கு 450 முதல் 540 கிரெயின் என்ற எல்லையே மானுக்குப் பொருத்தமானது.

அந்த எடையில் எவ்வளவு முடியுமோ அவ்வளவை முன்பக்கம் வைப்பது நல்லது. 125 கிரெயின் முனைக்குப் பதில் 175 அல்லது 200 கிரெயின் முனையும் லேசான தண்டும் சேர்ந்தால், மொத்த எடை மாறாமலே அம்பின் ஈர்ப்பு மையம் முன்னே நகர்கிறது. மோதியதும் தண்டின் பின்பகுதி இருபுறமும் ஆடுவது குறைந்து, ஆற்றல் முனை வழியே நேராகச் செல்கிறது. கனமான முனை, தண்டைப் புறப்படும்போது அதிகம் வளையச் செய்யும் என்பதால், முனையின் எடையை முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற விறைப்புள்ள தண்டை வாங்க வேண்டும். தண்டை வாங்கிவிட்டு முனையைத் தேடுவது தலைகீழான வழி.

நேராகப் பறப்பதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்றால், சற்றே கோணலாகப் போய் மோதும் அம்பில் தண்டு பக்கவாட்டில் வளைந்து துளையின் ஓரத்தை உரசுகிறது; நம்மிடம் உள்ள 37 ஜூலில் கணிசமான பங்கு அங்கேயே தீர்ந்துவிடும். இறகே ஒட்டாத வெறும் தண்டை எய்து, அது இறகுள்ள அம்புகளின் அருகே போய்ச் சேரும்வரை தண்டின் நீளத்தையும் முனையின் எடையையும் மாற்றிப் பார்ப்பது பழைய, இன்றும் எதுவும் மிஞ்சாத முறை. அதன் பிறகு முனை தண்டோடு ஒரே நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மரத்தண்டின் நுனியை 5 டிகிரி சரிவாகச் சீவி, சூடாக்கிய பசையால் முனையை ஒட்டுகையில் இம்மி விலகினாலும், அகன்ற அலகு காற்றில் சிறு இறக்கை போலச் செயல்பட்டு அம்பைத் திசை திருப்பும். முனையை மேசையில் ஊன்றிப் பம்பரம் போலச் சுழற்றினால், ஆட்டம் உள்ளங்கையில் உடனே தெரியும். ஆடினால் பசையைச் சூடாக்கி, முனையைக் கால்சுற்று திருப்பி மீண்டும் ஒட்டிப் பார்க்கலாம்.

மோதியதும் விரியும் இயந்திர முனைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மடங்கிய அலகுகளைத் திறக்கவே ஆற்றல் செலவாகிறது, திறந்தபின் இரண்டு அங்குல அகலம்வரை வெட்ட வேண்டியிருக்கிறது, சரிவும் செங்குத்தானது. இழுவை குறைந்த மரபு வில்லுக்கு அவை வேண்டாம்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கொலராடோவில் குறைந்தபட்ச இழுவை 35 பவுண்டு, முனையின் அகலம் முக்கால் அரைக்கால் அங்குலத்துக்கு, அதாவது 22 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அலாஸ்காவில் மானுக்கு 40 பவுண்டும், மூஸ் போன்ற பெரிய விலங்குகளுக்கு 50 பவுண்டும் வேண்டும். முள் போலப் பின்னோக்கி வளைந்த முனைகளைப் பல மாநிலங்கள் தடைசெய்கின்றன. உடலிலிருந்து தானாக நழுவி விழாத அம்பு, தப்பிப் போகும் விலங்குக்குத் தேவையில்லாத வேதனையைத் தரும் என்பதே அதன் நியாயம். அலகின் பின்விளிம்பு தண்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, ஒவ்வோர் ஆண்டும் மாநில வனத்துறையின் அந்த ஆண்டுக் கையேட்டைப் படிப்பது வேட்டையாளரின் கடமை.

தொலைவையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாண் அதிரும் ஒலி, 20 கெஜத்தில் நிற்கும் மானை நொடியில் இருபதில் ஒரு பங்கில் எட்டிவிடுகிறது. அம்பு போய்ச் சேர ஏறத்தாழ நொடியில் நாற்பது சதவீதம் ஆகிறது. நடுவே கிடைக்கும் அந்த மூன்றில் ஒரு நொடியில், விழிப்பாக இருக்கும் மான் பாய்வதற்காகக் கால்களை மடக்கித் தாழ்ந்துவிடும். நெஞ்சுக்கு விட்ட அம்பு முதுகுக்கு மேல் போகும், அல்லது அதைவிட மோசமாக முதுகெலும்புக்கு மேலே உள்ள தசையில் பாயும். 15 கெஜத்துக்குள், தலையைத் தாழ்த்தி மேயும் மானுக்கு மட்டுமே நான் நாணை இழுக்கிறேன்.

போன அக்டோபரில் ஒரு மாலை, பரணிலிருந்து 12 கெஜத்தில் ஒரு பெண் மான் கருவாலிக் கொட்டைகளை மேய்ந்துகொண்டு நின்றது. 43 பவுண்டு வில், 490 கிரெயின் அம்பு, 29 மில்லிமீட்டர் இரண்டலகு முனை. அம்பு போனதே கண்ணுக்குத் தெரியவில்லை. மான் துள்ளி, இருபதடி ஓடி நின்று, என்ன நடந்தது என்று புரியாததைப் போலத் திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் நடந்தது. அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினேன். மான் நின்ற இடத்துக்கு அப்பால், ஈர மண்ணில் அம்பு பாதி புதைந்து நின்றது. மூன்று இறகுகளும் நனைந்து தண்டோடு ஒட்டியிருந்தன. குருதி நல்ல இளஞ்சிவப்பு, அதில் சோப்பு நுரை போன்ற சிறு குமிழிகள். நுரையீரல். இரைப்பையில் பட்டிருந்தால் பச்சைத் துணுக்குகளும் நாற்றமும் இருந்திருக்கும். கல்லீரலானால் குருதி கருஞ்சிவப்பாக இருந்திருக்கும், இன்னும் சில மணிநேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். சட்டைப்பையிலிருந்து ரப்பர் பேண்டை எடுத்து, துடைத்த அலகில் வைத்துப் பார்த்தேன். அறுந்தது. தடத்தின் முதல் துளி அம்பிலிருந்து நான்கு அடி தள்ளி ஒரு மேப்பிள் இலையின் மேல் இருந்தது. அடுத்தது அதற்கு இரண்டு அடி தள்ளி, இரண்டு பக்கமும்.